பாம்பாற்றோடு இறங்கும் பாதை: வட்டக்கானலில் இருந்து கும்பக்கரை வரை

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வட்டக்கானல் அருவியைப் பார்த்துவிட்டு வருவார்கள். பெரியகுளம் பக்கம் போகிறவர்கள் கும்பக்கரையில் குளித்துவிட்டு வருவார்கள். இரண்டும் ஒரே ஓடை, பாம்பாறு, என்று சொன்னால் "அப்படியா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒன்றுக்கு திண்டுக்கல் மாவட்டத்து வழியாகப் போகிறோம், இன்னொன்றுக்கு தேனி மாவட்டத்து வழியாக. ஒன்று ஸ்வெட்டர் போடும் ஊர், இன்னொன்று மாந்தோப்பு ஊர். வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கி மலையைச் சுற்றிக்கொண்டு போனால் மணிக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் காலையில் வட்டக்கானலில் இறங்க ஆரம்பித்தால் சாயங்காலம் கும்பக்கரைக்கு வந்துவிடலாம். ஒரே நாள் நடை. ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இறக்கம் மட்டும் 1,500 மீட்டருக்கு மேல். முழங்கால் அதற்குக் கணக்கு வைத்துக்கொண்டு மறுநாள் சொல்லும்.

2016 ஜனவரியில் இரண்டு நண்பர்களோடு அந்தப் பாதையில் இறங்கினேன். கூட வந்து வழி காட்டியவர் நடுவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர். நான் போனதற்கு முக்கியக் காரணம் அருவி இல்லை. 1821-இல் கொடைக்கானல் மலைக்கு வந்த முதல் வெள்ளைக்கார சர்வேயர் இந்தப் பக்கமாகத்தான் ஏறினார் என்று படித்திருந்தேன். பழைய வாசல் இதுவென்றால் ஏன் இன்றைக்கு இதில் ஒரு வண்டி கூடப் போகாது? அந்தக் கேள்விக்குத் தேடிச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

வார்ட் ஏறிய வழி

பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்ட் கம்பெனி ராணுவத்தில் லெப்டினன்ட். அதற்கு முன்பு கானர் என்ற இன்னொரு அதிகாரியோடு சேர்ந்து திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தவர். 1821-இல் பழனி மலைக்கு வந்தார். அவருடைய முகாம் வெள்ளகவியில். அங்கிருந்து மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டுப் பகுதியை அளந்தார்.

கொடைக்கானல் வரலாறு என்று நாம் படிக்கிற பெரும்பாலான சுருக்கங்கள் இந்த ஆண்டில்தான் தொடங்கும். "வார்ட் கண்டுபிடித்தார்" என்றுகூட சிலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் வார்டே தன் அறிக்கையில் என்ன சொல்கிறார்? நல்ல சீதோஷ்ணம் உள்ள அழகான மலை, அதில் சுமார் 4,000 பேர் ஒழுங்காக அமைந்த கிராமங்களில் வாழ்கிறார்கள் என்கிறார். அதாவது ஆள் இல்லாத காட்டுக்கு அவர் வரவில்லை. ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைகள் இருந்தன.

வெள்ளகவி குன்னுவர்களின் ஊர். கோயம்புத்தூர் சமவெளியில் இருந்து பல தலைமுறைகளுக்கு முன்னால் மலை ஏறியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அவர்களுக்கும் முன்னால் அந்தக் காட்டில் இருந்தவர்கள் பளியர்கள், தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். அதற்கும் முன்னால் யார் இருந்தார்கள் என்பதற்கு மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் கல்திட்டைகள் சாட்சி. செண்பகனூர் பாதிரியார் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

ஆக, வார்ட் கையில் அளவுக் கருவி இருந்திருக்கும், வழி தெரிந்திருக்காது. வழி தெரிந்தவர்கள் வெள்ளகவிக்காரர்கள். எந்த மலையில் ஏறினாலும் உள்ளூர்க்காரர் முன்னால் போவதும் மற்றவர்கள் பின்னால் போவதும்தான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் நடந்தோம். பெயர் பதிவானது பின்னால் போனவருக்கு.

வட்டக்கானலில் இருந்து இறங்கும்போது முதலில் வருவது சோலைக்காடு. பாசி பிடித்த மரங்கள், காலுக்கடியில் மெத்தென்று இலைச்சருகு, எங்கிருந்தோ தண்ணீர்ச் சத்தம். பாம்பாறு சோலை என்று இதைத் தாவரவியல்காரர்கள் தனியாகக் குறிப்பிடுவார்கள், வேறெங்கும் பார்க்க முடியாத செடிகள் சில இங்கே உண்டு. சோலைக்கு வெளியே யூகலிப்டஸும் வாட்டிலும். 1852-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய பாட்ரிட்ஜ் என்ற பம்பாய் ராணுவ மேஜர்தான் ஆஸ்திரேலிய மரங்களை முதலில் இங்கே கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். சோலையில் இருந்து கசியும் தண்ணீர்தான் ஓடையாகி அருவியாகிறது. யூகலிப்டஸ் காட்டில் தரை காய்ந்து கிடக்கிறது. ரெண்டையும் பத்து நிமிஷ இடைவெளியில் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும், புத்தகம் தேவையில்லை.

வழி மாறிய கதை

வார்டுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் வெள்ளகவி வழியைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 1834-இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டனும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டியில் இருந்து ஏறினார்கள். அடுக்கம் கணவாயின் உச்சியில், செண்பகனூரில், ராட்டன் ஒரு சின்ன பங்களா கட்டினார். கவனித்தால், வழி தெற்கு முகத்தில் இருந்து தென்கிழக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1834-இல் மதுரையில் மிஷன் தொடங்கிய அவர்களைக் காய்ச்சலும் காலராவும் விரட்டின. குடும்பத்தோடு வந்தவர்கள், குழந்தைகளைப் புதைத்தவர்கள். உயரமான இடம் ஒன்று வேண்டும் என்று முதலில் பக்கத்தில் இருந்த சிறுமலையில் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலை மேல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழும்பின. அந்த வருஷம் ஜூன் மாதமே ஆறு மிஷனரி குடும்பங்கள் அங்கே குடிபோய்விட்டன. கொடைக்கானல் என்ற மலைவாசஸ்தலத்தின் தொடக்கம் அதுதான். மற்ற பல மலைவாசஸ்தலங்களைப் போல ராணுவமோ அரசாங்கமோ தொடங்கியது இல்லை, உயிர் பிழைக்க வந்தவர்கள் தொடங்கியது.

அவர்கள் ஏறிய பாதை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் தொடங்கும். அங்கிருந்து செண்பகனூர் வழியாக மேலே 12 மைல். குதிரை போகலாம், பொதிமாடு போகலாம், ஆள் போகலாம், சக்கரம் போகாது. "கூலி காட்" என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே கூலி இருக்கிறது, பாருங்கள். 1875-இல் ரயில் வந்து அம்மையநாயக்கனூரில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் கட்டிய பிறகும் மலைப்பாதை அப்படியேதான் இருந்தது. ஸ்டேஷனில் இறங்கி, இரவு முழுக்க மாட்டு வண்டியில் தோப்புக்குப் போய், விடிந்ததும் மலை ஏற வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், வசதி இருந்தவர்கள் குதிரையில். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் கம்பு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, தூக்கிகளின் தோளில் போனார்கள்.

இந்தக் கூலி காட் காலம் எவ்வளவு நீளம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1845-இல் முதல் வீடுகள். வத்தலக்குண்டு வழியாக இப்போது நாம் பஸ்ஸில் போகிற ரோடு, அதைப் போட்ட இன்ஜினியரின் பெயரால் லாஸ் காட் ரோடு என்று அழைக்கப்பட்டது, முடிந்தது 1914-இல். பொதுமக்களுக்குத் திறந்தது 1916-இல். கிட்டத்தட்ட எழுபது வருஷம்.

அந்த எழுபது வருஷத்தில் மேலே என்னென்ன வந்தது? 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரி உண்டாக்கினார். 1895-இல் செண்பகனூரில் சேசு சபையினர் கல்லூரி தொடங்கினார்கள். 1899-இல் வானாய்வகம். 1901-இல் ஹைகிளர்க் பள்ளி, இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்பவர் அந்த வானாய்வகத்தில் இருந்து சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். "எவர்ஷெட் விளைவு" என்று உலகம் முழுக்க இயற்பியல் புத்தகங்களில் இருக்கிறது. இது எல்லாமே வண்டி ரோடு வருவதற்கு முன்னால். தொலைநோக்கியின் கண்ணாடி, இரும்பு, ஜன்னல் கம்பி, மேஜை, புத்தகம், ஆர்கன் பெட்டி எல்லாம் ஆள் தோளிலும் மிருகத்தின் முதுகிலும்தான் ஏறியிருக்க வேண்டும். சக்கரத்தில் ஏற வழியே கிடையாது.

எவர்ஷெட் பெயர் விளைவுக்கு, லா பெயர் ரோட்டுக்கு, லெவிஞ்ச் பெயர் ஏரிக் கதைக்கு. தூக்கினவர்கள் பெயர்? ஒருவேளை எங்காவது ஒரு மிஷன் கணக்குப் புத்தகத்தில் "இத்தனை கூலிகள், இத்தனை அணா" என்று எண்ணிக்கையாக இருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் வழி வெள்ளகவி, இரண்டாவது அடுக்கம் – செண்பகனூர், மூன்றாவது வத்தலக்குண்டு. ஒவ்வொரு முறை வழி "முன்னேறும்போதும்" அது வெள்ளகவியில் இருந்து இன்னும் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. சதி என்று இதைச் சொல்ல முடியாது. தெற்கு முகம் செங்குத்து, ரோடு போடச் சரிவு குறைந்த இடம் வேண்டும், ரயில் ஸ்டேஷனும் கிழக்கே இருக்கிறது. இன்ஜினியர் கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் ஒரு ஊர் விட்டுப்போனது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஊருக்குள் எப்படி இருக்கும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வெள்ளகவி

ஊர் எல்லை வந்ததும் பெரியவர் நின்றார்.

"செருப்பக் கழட்டிக்கங்க தம்பி. ஊருக்குள்ள யாரும் போடுறதில்ல."

கழட்டிக் கையில் பிடித்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு நடுவே கோயில், கோயிலுக்குக் கோயில் நடுவே வீடு. எது கோயில் நிலம், எது தெரு என்று பிரிக்க முடியாது. அதனால் ஊர் முழுக்கவே கோயிலாகக் கருதி வெறுங்காலோடு நடக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான்.

"முள்ளு குத்தாதாய்யா?" என்றான் என் நண்பன்.

"குத்தும். எடுத்துப் போட்டுட்டு நடக்க வேண்டியதுதான்."

சுற்றிலும் காபி, மிளகு, ஆரஞ்சு, பலா, வெண்ணெய்ப் பழம். விளைவதற்குக் குறைவில்லை. விளைந்ததைக் கீழே கொண்டுபோவதுதான் பாடு. குதிரை மேல் மூட்டை கட்டி கும்பக்கரைப் பக்கம் இறக்குகிறார்கள். போகும்போது காபிக்கொட்டை, வரும்போது அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர். நாங்கள் இறங்கும்போது மணிச்சத்தம் கேட்டு மூன்று முறை ஒதுங்கி நின்றோம், குதிரைகளுக்கு வழிவிட. ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கடை விலையோடு குதிரை வாடகையும் சேரும். வெள்ளகவியில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்தால் அது எத்தனை குதிரை நடை என்று உள்ளூர்க்காரர் கணக்குச் சொல்வார்.

உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"டோலிதான். ரெண்டு கம்பு, ஒரு போர்வை. நாலு நாலு பேரா மாத்தி மாத்தித் தூக்குவோம். மேல போறதா கீழ போறதான்னு ஆளப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். கனத்த ஆளுன்னா கீழ." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும், "பிரசவ வலின்னா யோசிக்க நேரம் இருக்காது. மழ பேஞ்சு ஓட பெருகிருச்சின்னா மேலயும் இல்ல, கீழயும் இல்ல" என்றார்.

வெள்ளகவி டோலி செய்தித்தாளிலும் பலமுறை வந்த விஷயம்தான். பாம்பு கடித்தவரை, கர்ப்பிணியை, சில சமயம் வழியிலேயே இறந்தவரைத் தூக்கி வந்த படங்கள். அவற்றை நாம் "இந்தக் காலத்திலும் இப்படியா" என்று படித்துவிட்டுப் பக்கம் புரட்டுவோம், ஏதோ காலம் தொடாத ஊர் போல. எனக்கு அந்தப் பேச்சில் இப்போது உடன்பாடு இல்லை. 1900-இல் பெரியகுளத்து வெயிலில் இருந்து கொடைக்கானல் போன கலெக்டரின் மனைவியும் கம்பில் தொங்கித்தான் போனார். அன்றைக்கு மலை முழுக்க எல்லோருக்கும் அதுதான் வாகனம். 1914-க்குப் பிறகு மேலே இருப்பவர்களுக்கு மோட்டார் வந்தது. வெள்ளகவிக்கு அதே கம்பு மிஞ்சியது. 1821-இல் சர்வேக்கே முகாமாக இருந்த ஊர் அது. அதைப் பின்தங்க வைத்தது பழமை இல்லை, ரோடு எங்கே போக வேண்டும் என்று எடுத்த முடிவுகள்.

ரோடு கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்தே ஒரு தலைமுறை வயதாகிவிட்டது என்றார் பெரியவர். இடையில் இருப்பது ஒதுக்குக் காடு, ரோடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மேலே சோலையை வெட்டி, புல்வெளியில் வாட்டில் நட்டு, ஏரி எடுத்து, ஹோட்டல் கட்டியவர்களுக்கு ரோடு முதலிலேயே போய்விட்டது. காட்டை அதிகம் கெடுக்காமல் இருந்த ஊரைப் பார்த்துத்தான் "காடு கெட்டுவிடும்" என்று சொல்ல நேர்கிறது. இந்த முரணுக்கு எளிய விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேள்வியையாவது நேராக வைக்கலாம்.

தண்ணீர் மறக்கவில்லை

வெள்ளகவிக்குக் கீழே காடு மாறுகிறது. குளிர் போய் வெக்கை ஏறும். பாசி மரம் போய் இலை உதிர்க்கும் மரங்கள். கால் நடுங்க ஆரம்பித்த நேரத்தில் தூரத்தில் மாந்தோப்பும், பெரியகுளத்துக் கண்மாயின் பளபளப்பும் தெரிந்தன. பிறகு பாறையும் தண்ணீரும். கும்பக்கரை.

கும்பக்கரையை அருவி என்று சொன்னாலும், வழுக்குப் பாறை மேல் படிப்படியாக விழுந்து ஓடும் ஓடை என்பதுதான் சரி. தண்ணீர் குடைந்த பள்ளங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம், அண்டா கெஜம். அழகுக்கு வைத்த பெயர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எது எவ்வளவு ஆழம், எது உள்ளே இழுக்கும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. மேலே கொடைக்கானலில் மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். அதனால்தான் மழைக்காலத்தில் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. மேலே பெய்தது கீழே வரும் என்பதைக் கும்பக்கரைக்காரர்கள் தினசரி வாழ்க்கையாகவே அறிந்தவர்கள்.

மழை மட்டுமா வரும்? 1983-இல் அமெரிக்காவில் இருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்துடையது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இடம், பாம்பாறு சோலைக்கு மேலே உள்ள மேடு. பாதரசக் கழிவு வெளியே போனது தெரியவந்து, ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் சூழலியல்காரர்களும் போராடி 2001-இல் அது மூடப்பட்டது. 2003-இல் கிட்டத்தட்ட 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016 மார்ச்சில், அதாவது நான் நடந்து இரண்டு மாதம் கழித்து, 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது.

இதில் ஒரு சின்ன விஷயம் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வட்டக்கானல் பக்கம் பாம்பாற்றில் விழும் அருவிக்கு டூரிஸ்டுகளிடையே "லிரில் அருவி" என்று ஒரு பெயர் உண்டு. 1970-களில் வந்த லிரில் சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் அருவியில் குளிப்பாரே, அதன் நினைவு. லிரில் யாருடைய சோப்பு? இந்துஸ்தான் லீவருடையது. ஒரே நிறுவனம், ஒரே ஓடை. சோப்பின் பெயர் அருவியில் ஒட்டிக்கொண்டது. பாதரசம் எங்கே ஒட்டிக்கொண்டது என்ற கேள்வி சோலைக்குள் மண்ணாகக் கிடக்கிறது.

மோட்டார் ரோடு வந்த பிறகு கொடைக்கானல் கிழக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. பெரியகுளத்துக்கும் வெள்ளகவிக்கும் அதற்கும் உள்ள உறவு நம் மனசில் இருந்தே அழிந்துவிட்டது. ஆனால் பாம்பாறு பழைய வழியிலேயே இறங்கி, கும்பக்கரையைத் தாண்டி, வராக நதியோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. மேலே எது செய்தாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க விதிமுறைகள் கடுமையாகிவிட்டன. வனத்துறையிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், கோடையில் நினைக்கவே வேண்டாம். காட்டுமாடு உண்டு, மழைக்காலத்தில் அட்டை உண்டு. வெள்ளகவிக்காரர் ஒருவர் முன்னால் போகட்டும், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடிந்தால் ஊரில் ஒரு கிலோ காபிக்கொட்டை வாங்குங்கள், ஒரு குதிரைச் சுமையில் அவ்வளவாவது குறையும். வழி காட்டியவர் பெயரையும் கேட்டு, போய்வந்த கதையை எழுதும்போது அவர் சம்மதித்தால் சேர்த்து எழுதுங்கள். எங்கள் பெரியவரிடம் கேட்டேன். "என் பேரு எதுக்கு தம்பி, ஊர் பேரப் போடுங்க, ரோடு வரட்டும்" என்றார். போட்டிருக்கிறேன்.